தட்டுக்கு அடியில் ஒரு சிவப்புப் புள்ளி

கார்க், அயர்லாந்து
ஞாயிற்றுக்கிழமை, காலையிலிருந்தே மழை

ஏ மக்கா,

நீ பேசி அனுப்பினதை மூணு தடவை கேட்டேன். பதினோரு நிமிஷப் பேச்சுல பத்து நிமிஷம் உன் மாமியாரோட முட்டுவலி, தென்னையில ஏற ஆள் கிடைக்காதது, வடசேரிச் சந்தையில மரச்சீனிக் கிழங்கு வெலை, நம்மகூடப் படிச்சவ மகளுக்கு நிச்சயம் ஆனது எல்லாம் சொல்லிட்டு, கடைசி ஒரு நிமிஷத்துல குரலைத் தாழ்த்தி, அதுவும் தண்ணி மோட்டார் ஓடுற சத்தத்துக்கு நடுவுல, விஷயத்தைச் சொன்னே பாரு, அங்கதான் எனக்குப் புரிஞ்சுது, நீ பேசினதே அதுக்குத்தான்னு. பள்ளிக்கூடத்துலயும் நீ இப்படித்தான். டீச்சர் அடிச்சதைச் சொல்ல முந்தி மதியம் என்ன கூட்டான்னு சொல்லுவே.

உன் கொழுந்தன் பொண்டாட்டிக்குப் பித்தப்பைக் கல்லு ஆபரேஷன். அதுக்கு முந்தி எடுத்த ரத்தத்துல ஹெபடைடிஸ் சி-ன்னு வந்திருக்கு. மாமியார் அவளுக்குத் தனித் தட்டு வெச்சுட்டாங்க, தட்டு மாறிப் போயிடக் கூடாதுன்னு அடியில சிவப்பு நகப்பாலிஷால ஒரு புள்ளியும் வெச்சுட்டாங்க. "நீ நர்சுதானே, தனித் தட்டு வேணுமா வேண்டாமா, ஒரு வார்த்தை சொல்லிடு" அப்படின்னு கேட்டே. ஒரு வார்த்தையில சொல்லிடுறேன்: வேண்டாம். அப்புறம் எதுக்கு இத்தனை பக்கம்னு கேப்பே. வெளியில சவத்து மழை, வீட்டுக்காரர் நைட் டூட்டி முடிஞ்சு தூங்குறார், பையன் ரூமுக்குள்ள போனா அவன் முகம் போற போக்கு சரியில்லை, எனக்கோ பேச ஆள் வேணும். குரல்ல பதிஞ்சு அனுப்பினா நீ அடுப்படியில ஓட விட்டுக்கிட்டே கேப்பே, மாமியார் காதுல விழும். அதான் கடிதம். படிச்சுட்டுக் கிழிச்சுப் போடு, இல்லேன்னா அவகிட்டேயே குடு.

கறிவேப்பிலைச் செடி செத்துப் போச்சு, கேட்டியா. இது மூணாவது. ஜன்னல் ஓரத்துல வெச்சு, ராத்திரி துணி போட்டு மூடி, புள்ளை மாதிரிப் பார்த்தேன். மலையாளக் கடையில பத்துப் பதினஞ்சு இலையை ஒரு கவர்ல போட்டு அவன் சொல்ற வெலைக்கு நம்ம ஊர்ல ஒரு மரத்தையே வெட்டிக் கொண்டு வந்துடலாம். இதை எதுக்குச் சொல்ல வந்தேன்னா, செடி செத்தன்னைக்கு முதல்ல வந்து துக்கம் விசாரிச்சது பக்கத்து வீட்டம்மாதான். அவங்களைப் பத்தித்தான் உனக்கு எழுதணும்.

எழுபத்தஞ்சு வயசு. நெட்டையா, ஒல்லியா, மழையோ காத்தோ தெனமும் நாயைக் கூட்டிக்கிட்டு ஆத்தங்கரை வரைக்கும் நடப்பாங்க. இந்த ஊர்ப் பொம்பளைங்க பேச்சுக்கு வால் மாதிரி 'கேர்ல்'னு ஒட்டிக்குவாங்க, நம்ம பக்கம் 'பிள்ளே'ங்கிற மாதிரி. இந்த அம்பது வயசுலயும் என்னை 'கேர்ல்'னு கூப்பிட ஒரு ஆள் இருக்கேன்னு எனக்குக் கொஞ்சம் மெதப்புதான். அவங்க வீட்டு டீக்குப் பேர் பேரீஸ். ரொம்ப நாளா நான் அதைப் பாரிஸ் டீன்னே நெனச்சிருந்தேன், பிரான்சுல இருந்து வருதுன்னு. கடைசியில பார்த்தா இந்தக் கார்க் ஊர்ச் சரக்கு.

நாங்க இந்த வீட்டுக்கு வந்து ரெண்டாவது வருஷம். அவங்க அடுப்படியில உக்காந்து டீ குடிக்கிறேன், தட்டுல சோடா ரொட்டி, வெண்ணெய் தடவினது. ஜன்னல் பக்கம் ஒரு வரிசைக் கொக்கியில வெள்ளைக் கோப்பைங்க தொங்குது. எதிர்ச் சுவர்ல, தனியா ஒரே ஒரு கொக்கி, அதுல நீலக்கோடு போட்ட கோப்பை ஒண்ணு. ஏதோ பேச்சுவாக்குல ஈரல் டாக்டரைப் பார்க்கப் போறதைச் சொன்னாங்க, நான் எதுக்குன்னு கேட்டேன். "எனக்கு ஹெப் சி இருந்துச்சு, கேர்ல், அந்த ஆன்டி-டி ஊசி" அப்படின்னு ரெண்டையும் மூச்சு விடாம, ஒண்ணா ஒட்டிச் சொன்னாங்க. மருந்து சாப்பிட்டுக் குணமாகி வருஷம் ஆச்சுன்னும் சொன்னாங்க.

மக்கா, நான் நர்சு. எத்தனை பேர் ரத்தம் என் கையில பட்டிருக்கும், எத்தனை தடவை 'இது ரத்தத்தால மட்டும்தான் பரவும், எச்சில்ல பரவாது'ன்னு பரீட்சையில எழுதி மார்க் வாங்கியிருப்பேன். அன்னைக்கு என் கை, என்னைக் கேக்காமலே, கோப்பையைப் பைய மேசையில வெச்சுது. ரொட்டியை எடுத்துக் கடிச்சேன், டீயைத் தொடலை. அந்தம்மா கோப்பையைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. கோவமே இல்லை. "அது விருந்தாளிக் கோப்பைதான், நீ குடி. என்னுது அந்த நீலக்கோடு" அப்படின்னாங்க.

எனக்கு வெக்கத்துல காது சுட்டது. ஆறிப்போன அந்த டீயை ஒரே மடக்கா குடிச்சேன். இப்போ உன் மாமியாரைத் திட்ட எனக்கு யோக்கியதை இருக்கான்னு நீயே சொல்லு.

சரி, அந்த ஊசிக் கதைக்கு வாரேன். உனக்குத் தெரியாத ஊசின்னு நெனச்சுக்கிடாதே. உனக்கு ஓ நெகட்டிவ். மூத்தவன் பிறந்த மறுநாள் உங்கப்பா ஒரு ஊசிக்காக மருந்துக் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடையா நடந்து, "ஒரு ஊசிக்கு இவ்வளவா"ன்னு அங்கலாய்ச்சாங்களே, அதேதான் ஆன்டி-டி. தாய்க்கு நெகட்டிவ், பிள்ளைக்குப் பாசிட்டிவ்னா, பிரசவத்துல பிள்ளை ரத்தம் தாய்க்குள்ள கலந்து, தாயோட உடம்பு அதை எதிரியா பார்த்து ஆயுதம் பண்ணி வெச்சுக்கும். அடுத்த பிள்ளை வயித்துல வரும்போது அந்த ஆயுதம் பிள்ளையைத் தாக்கும். அதைத் தடுக்கத்தான் 72 மணி நேரத்துக்குள்ள இந்த ஊசி. நம்ம ஊர்ல 100-க்கு அஞ்சு பேர் நெகட்டிவ்னா இந்த ஊர்ல 15 பேர், அதனால இங்க அது பெரிய சோலி. அந்தக் காலத்துல அந்த மருந்தை மனுஷ ரத்தத்துப் பிளாஸ்மாவுல இருந்துதான் எடுக்கணும், வேற வழி கிடையாது.

அங்கதான் சறுக்கினாங்க. 1976-ல ஒரு கர்ப்பிணிக்கு வைத்தியம் பண்ணும்போது எடுத்த பிளாஸ்மாவை, அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காமலே, இந்த நாட்டு ரத்த வாரியம் ஊசி பண்ண எடுத்துக்கிட்டாங்க. அந்த நவம்பர்ல அவங்களுக்கு மஞ்சக்காமாலை வந்துச்சு. அப்புறமும் அந்தப் பிளாஸ்மாவைத் தூர ஊத்தலை. 1977-ல ஊசி போட்ட தாய்மாருக்கு மஞ்சக்காமாலை வருதுன்னு வாரியத்துக்குத் தகவல் போயும் யாரும் அதைப் பெருசா எடுத்துக்கலை. அப்போ இந்த நோய்க்குப் பேரே கிடையாது தெரியுமா? 'ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை'ன்னுதான் அதைக் கூப்பிட்டாங்க, பேர் வைக்காத பிள்ளையைக் கூப்பிடுற மாதிரி. 1989-லதான் கிருமியைக் கண்டுபிடிச்சு 'சி'ன்னு பேர் வெச்சாங்க. அதுக்கு 2020-ல மூணு பேருக்கு நோபல் கிடைச்சுது.

1991 டிசம்பர்ல, '77-ம் வருஷ ஊசியில சி கிருமி இருக்கு'ன்னு லண்டன்ல இருந்து வாரியத்துக்குக் கடிதம் வந்துச்சு. வந்த கடிதத்தை வெச்சுக்கிட்டு ரெண்டு வருஷத்துக்கு மேல சும்மா இருந்தாங்க. இதே கார்க் ஊர்ல ஜோன் பவர்னு ஒரு டாக்டரம்மா, ரத்தம் குடுக்க வந்தவங்கள்ல சி இருக்கிற பொம்பளைங்க நெகட்டிவ் ரத்தக்காரங்களாவே இருக்காங்களேன்னு கணக்குப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடிச்ச பிறகுதான், 1994 பிப்ரவரியில ஊருக்குச் சொன்னாங்க.

பக்கத்து வீட்டம்மா அன்னைக்கு ரேடியோவைப் போட்டுட்டுத் துணி தேச்சுக்கிட்டு இருந்தாங்களாம். தேய்ப்புப் பெட்டியைச் சட்டை மேலேயே விட்டுட்டாங்க. புருஷனோட சட்டை, காலர் கருகிப் போச்சு. அதுக்கு முந்தின பதினேழு வருஷமும் அவங்களுக்கு ஒரே களைப்பு. மாடிப்படி ஏறினா உக்காரணும், சாயங்காலம் அஞ்சு மணிக்கே கை கால் வலி. டாக்டர்கிட்டப் போனா முதல்ல இரும்புச்சத்து மாத்திரை, அப்புறம் 'நரம்புத் தளர்ச்சி', அப்புறம் 'உனக்கு வீட்டுல வேலை பத்தலை, அதான் மனசு அலையுது', கடைசியா 'வயசாகுது, தீட்டு நிக்கிற காலம்'. நம்ம அம்மைமாருக்கும் இதே வரிசையிலதானே சொன்னாங்க? ரேடியோவில கேட்டப்போ தனக்கு முதல்ல வந்தது பயமில்லை, 'அப்போ நான் சோம்பேறி இல்லை'ங்கிற நெனப்புதான்னு அந்தம்மா சொல்லும்போது சிரிச்சாங்க.

நாடு பூரா 62,667 பெண்களைக் கூப்பிட்டுச் சோதிச்சாங்க. 704 பேர் ரத்தத்துல சி வந்த தடம் இருந்துச்சு. அதுல 390 பேர் உடம்புல கிருமி அப்பவும் இருந்துச்சு. மத்தவங்களுக்கு உடம்பே விரட்டிட்டுது, தடம் மட்டும் நின்னு போச்சு, அம்மைத் தழும்பு மாதிரி. அந்த 390 பேர்ல 376 பேரை நல்லாத் துருவிக் கேட்டதுல 100-க்கு 66 பேர் சொன்ன கம்ப்ளெயின்ட், பக்கத்து வீட்டம்மாவோடதேதான், களைப்பு.

நோய் ஒரு பக்கம். ஊர் வாய் ஒரு பக்கம். அந்தக் காலத்துல இந்த நாட்டுல ஹெப் சி-ன்னா ஊசி குத்திப் போதை ஏத்துறவங்களுக்கு வர்றதுன்னுதான் ஜனங்களுக்குத் தெரியும். 1980-கள்ல டப்ளின் தெருவெல்லாம் ஹெராயின் ஓடின கதை எல்லாருக்கும் ஞாபகம் இருந்துச்சு. பேர் சொன்னதும் ஆளை மேலும் கீழும் பார்ப்பாங்களாம். பல் டாக்டர் இவங்களுக்கு எப்பவும் சாயங்காலத்துக் கடைசி நேரம்தான் குடுப்பாராம், எல்லாரும் போன பிறகு. பிள்ளைங்களுக்குக் கூட நகவெட்டி, கத்திரிக்கோல் எதுவும் பொதுவுல வைக்காம ஒளிச்சு வெச்சாங்களாம். ஒவ்வொரு பிள்ளையையும் சோதனைக்குக் கூட்டிக்கிட்டுப் போனப்ப பஸ்ல வயித்தைப் புரட்டுனதைச் சொன்னாங்க. நல்லவேளை, ஒருத்தருக்கும் இல்லை.

ஆப்பிள் டார்ட் கதையைக் கேளு. பள்ளிக்கூடத்துக்குப் பணம் திரட்ட வருஷா வருஷம் தாய்மார் வீட்டுல செஞ்ச கேக்கு, பலகாரம் எல்லாம் கொண்டு வந்து மேசையில வெச்சு விப்பாங்க. இவங்க ஆப்பிள் டார்ட்டுக்கு அங்க எப்பவும் கிராக்கி. 94-ம் வருஷமும் கொண்டு போய் வெச்சாங்க. மத்த மேசையெல்லாம் காலியாச்சு, ஒரு பொம்பளை கருகின கேக்கு கொண்டு வந்திருந்தாளாம், அதுகூட வித்துப் போச்சு. இவங்களுது மட்டும் ஒரு துண்டு வெட்டாம முழுசா நின்னுச்சு. யாரும் ஒண்ணும் சொல்லலை, எல்லாரும் சிரிச்சுப் பேசினாங்க. துணி போட்டு மூடி, மடியில வெச்சு, பஸ்ல திரும்பக் கொண்டு வந்தாங்க. புருஷன் விஷயத்தைப் புரிஞ்சுக்கிட்டு ஒரு வார்த்தை கேக்காம, கோட்டுகூடக் கழத்தாம, நின்ன வாக்குல ரெண்டு துண்டு சாப்பிட்டாராம். "அவருக்கு ஆப்பிள் பிடிக்காது, கேர்ல்" அப்படின்னாங்க. அந்த மனுஷன் இப்போ இல்லை. நான் பார்த்ததில்லை, ஆனா அவர் மேல எனக்கு ஒரு மரியாதை.

இன்னொண்ணும் சொன்னாங்க, இதை அவங்க சொல்ல ரொம்ப நாள் எடுத்துச்சு. ஆஸ்பத்திரியில ஹெப் சி-க்குக் காத்திருக்கிற எடத்துல எல்லாரும் ஒரே பெஞ்சுலதானே உக்காரணும். போதை ஊசி போட்டவங்களும் இருப்பாங்க, தாய்மாரும் இருப்பாங்க. அன்னைக்குப் போறதுக்கு இவங்க இருக்கறதுலயே நல்ல கோட்டு, நல்ல ஷூ போட்டு, கல்யாண மோதிரம் தெரியிற மாதிரி கையை மடி மேல வெச்சு உக்காருவாங்களாம். 'நான் அந்த ரகம் இல்லை'ன்னு காட்டிக்க. யார் கேட்டாலும் கேக்காட்டாலும் முந்திக்கிட்டு 'ஆன்டி-டி'ன்னு சொல்லிடுவாங்க. என்கிட்டயும் அப்படித்தானே சொன்னாங்க, ஒட்டி, மூச்சு விடாம?

பேர் வெளியில வர்றதுக்கு அவ்வளவு பயம். டோனிகால் பக்கத்துல பிரிஜிட் மெக்கோல்னு ஒரு அம்மா, 12 பிள்ளை பெத்தவங்க, 1977-ல இதே ஊசி வாங்கினவங்க. ரத்த வாரியத்து மேலயும் அரசாங்கத்து மேலயும் கேஸ் போடும்போது, பேரை மறைச்சு 'பிரிஜிட் ரோ'ன்னு பொய்ப்பேர்ல நடத்த அனுமதி கேட்டாங்க. ஐகோர்ட் முடியாதுன்னுட்டுது. சரின்னு சொந்தப் பேர்லயே நின்னாங்க. நீ தொடர்ந்து நடத்தித் தோத்தா செலவையும் உன் தலையிலதான் கட்டுவோம்னு வாரியத்துல இருந்து கடிதம் போச்சு, சாகக் கெடக்கிற மனுஷிக்கு! ஆஸ்பத்திரிப் படுக்கையில இருந்தே 1,75,000 பவுண்டுக்கு ஒத்துக்கிட்டாங்க. 1996 அக்டோபர் 2-ம் தேதி இறந்துபோனாங்க. அப்புறம்தான் நாடே கொதிச்சுது, ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி ஃபின்லேயை வெச்சு விசாரணை, மறு வருஷம் அறிக்கை. பாதிக்கப்பட்ட பொம்பளைங்களே 'பாசிட்டிவ் ஆக்‌ஷன்'னு ஒரு சங்கம் கட்டிப் போராடி, நஷ்டஈடு, எல்லா வைத்தியமும் இலவசமா கிடைக்க ஒரு அட்டைன்னு ஒவ்வொண்ணா வாங்கினாங்க. இன்சூரன்ஸ் கம்பெனிக்காரங்க பேரைக் கேட்டதும் கதவைச் சாத்தினதுக்கு 2006-ல சட்டம் போட்டு வழி பண்ணினாங்க. நம்ம பக்கத்து வீட்டம்மா இந்தச் சண்டை எதுலயும் முன்னால நின்னவங்க இல்லை, கூட்டத்துல பின்வரிசையில உக்காந்து சந்தா கட்டினவங்க. அவங்களே சொன்னாங்க.

டீ போட்டுக் குடிச்சுட்டு வந்தேன். கருப்பட்டி தீர்ந்து போச்சு, அடுத்த தடவை யாராவது வந்தா ரெண்டு சிப்பம் குடுத்து விடு, பனங்கற்கண்டு வேண்டாம்.

எங்க விட்டேன்? ஊசி. நான் வேலை பார்க்குற முதியோர் இல்லத்துல அடுப்படியில ஒருத்தி இருக்கா, அம்பத்தஞ்சு வயசு, கை வேகம் நம்ம ஊர்க் கல்யாணச் சமையல்காரங்க மாதிரி. சாயங்கால பிரேக்ல பின்வாசல்ல நின்னு புகை விடுவா, நான் சும்மா காத்து வாங்க நிப்பேன். எப்படியோ பேச்சு வந்துச்சு. அவளுக்கும் ஹெப் சி இருந்துச்சு. அவளுக்கு வந்தது அந்த ஊசியால இல்லை, போதை ஊசியால. பத்தொம்பது வயசுல, டப்ளின்ல, ஒருத்தனை நம்பிப் போய், ரெண்டு வருஷம். அந்தப் பழக்கத்தை விட்டு முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, கிருமியும் மருந்துல போயாச்சு. ஆனா யாராவது கேட்டா "ஊசியால"ன்னு மட்டும் சொல்லி நிறுத்திக்குவாளாம். 1991-ல இருந்து 94 வரைக்கும் அந்த ஆன்டி-டி இன்னொரு தடவையும் கெட்டுப் போச்சு, வேற ஒருத்தரோட ரத்தத்தால. அவ மகள் பிறந்ததும் அந்த வருஷங்கள்லதான். அதனால கேக்கறவங்களாவே 'ஐயோ பாவம், அந்த ஊசியா'ன்னு உச்சுக் கொட்டுவாங்க. "நான் பொய் சொல்லலையே, ஊசிதானே?" அப்படின்னு என்னைப் பார்த்து கண்ணடிச்சா. அப்புறம் சிகரெட்டை மிதிச்சு அணைச்சுட்டு, "என் மகளுக்கு நிஜம் தெரியும். பேத்தியை என் கையில தர மாட்டா" அப்படின்னா.

மக்கா, எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. ரெண்டு பேர் உடம்புலயும் இருந்தது ஒரே கிருமி. ரெண்டு பேரும் தின்னது ஒரே மாத்திரை. ஒருத்தருக்கு அரசாங்கம் அட்டை குடுத்துச்சு, மன்னிப்புக் கேட்டுச்சு, குடுக்க வேண்டியதுதான், நான் குறை சொல்லலை. ஆனா 'பாவம், ஒரு தப்பும் பண்ணாதவங்க'ன்னு ஊர் இவங்களைத் தூக்கி வைக்கிற ஒவ்வொரு தடவையும் அந்த அடுப்படிக்காரி இன்னும் ஒரு படி கீழ போறாளே, அதை யார் பார்த்தா? அந்த நல்ல கோட்டும் மோதிரமும் அதுக்குத்தானே? பக்கத்து வீட்டம்மாகிட்ட இவளைப் பத்திப் பேர் சொல்லாம சொன்னேன். ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "நான் அந்தப் பெஞ்சுல அவளுக்கு எடம் விட்டுத் தள்ளி உக்காந்திருப்பேன்" அப்படின்னாங்க.

இப்போ உன் சமாச்சாரம். உன் பேச்சுல ஒரு எடம் எனக்குக் குத்திச்சு, கோவிச்சுக்காதே. "எப்படி வந்துச்சுன்னு தெரியலை, கல்யாணத்துக்கு முந்தி அவ திருப்பூர்ல வேலை பார்த்தால்லா" அப்படின்னே. அந்த 'ல்லா' இருக்கே, நான் நாகர்கோவில்ல பிறந்தவ, எனக்குத் தெரியும் அதுக்குள்ள என்ன வெச்சிருக்கேன்னு. மாமியார் தட்டுக்கு அடியில வெச்ச புள்ளியை நீ பேச்சோட வால்ல வெச்சுட்டே. எப்படி வந்துச்சுன்னு கேட்டு என்ன பண்ணப் போறோம்? முதல் பிரசவத்துல அவளுக்கு ரத்தம் ஏத்தினாங்கன்னு நீதானே முன்னாடி சொன்னே? சின்ன வயசுல ஒரே ஊசியைத் தண்ணியில கொதிக்க வெச்சுப் பத்துப் பேருக்குப் போட்ட கம்பவுண்டர் நம்ம தெருவுலயே இருந்தாரே? பல்லு பிடுங்கினது, காது குத்தினது, எதுவோ. நெறைய பேருக்குக் கடைசி வரைக்கும் தெரியாமலே போகும். தெரிஞ்சுதான் மருந்து குடுக்கணும்னு எந்த டாக்டரும் சொல்ல மாட்டார்.

முதல்ல பண்ண வேண்டியது இதுதான். இப்போ எடுத்த சோதனை தழும்பைத்தான் காட்டும். கிருமி இப்போ இருக்கா இல்லையான்னு ஆர்.என்.ஏ. சோதனை ஒண்ணு எடுக்கணும். சில பேருக்கு உடம்பே விரட்டியிருக்கும். இருந்தா மாத்திரை, பெரும்பாலும் 12 வாரம், 100-க்கு 95 பேருக்கு மேல குணமாகுது. பக்கத்து வீட்டம்மா பாவம், முதல்ல 48 வாரம் இன்டர்ஃபெரான் ஊசி போட்டு, முடி கொட்டி, மனசு இருண்டு, அதுவும் கேக்காம, அப்புறம்தான் இந்த மாத்திரைக்கு வந்தாங்க. 2013 கடைசியில இது அமெரிக்காவுல வந்தப்போ ஒரு மாத்திரை 1,000 டாலர்; அதையே நம்ம நாட்டுக் கம்பெனிங்க பண்ணி வெலையைத் தரைக்குக் கொண்டு வந்தாங்க. 2018 ஜூலையில இருந்து மத்திய அரசுத் திட்டத்துல சோதனையும் மருந்தும் இலவசம். ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரியில போய்க் கேட்டுப் பாரு, வெக்கப்படாம நீயே கூடப் போ. குணமானாலும் அந்தத் தழும்புச் சோதனை பாசிட்டிவ்னுதான் காட்டிக்கிட்டே இருக்கும், அதனால ஆர்.என்.ஏ. இல்லைன்னு வந்த காகிதத்தைப் பத்திரமா வெச்சுக்கச் சொல்லு. நாளைக்கு இன்னொரு ஆஸ்பத்திரியில இன்னொரு நர்சு முகம் சுளிக்கும்போது நீட்டணும். பிள்ளைக்கும் ஒரு தடவை பார்த்துடுங்க. தாய்கிட்ட இருந்து வர்றது 100-க்கு அஞ்சாறு பேருக்குத்தான், ஆனா பார்த்துட்டா நிம்மதி.

கீழாநெல்லியை அரைச்சுக் குடுக்கிறாங்கன்னு சொன்னே. மாமியார் ஆசைக்குக் குடுத்துட்டுப் போகட்டும்னு சொல்ல மாட்டேன், ஈரல் வைத்தியத்துல டாக்டர் கேக்காம ஒண்ணும் வேண்டாம். தண்ணியில வர்ற மஞ்சக்காமாலை வேற, இது வேற. தட்டு, டம்ளர், அவ கையால பிசைஞ்ச புட்டு, ஒரே பாயில படுக்கறது, கட்டிப்பிடிக்கிறது, எதுலயும் இது வராது. பல் தேய்க்கிற பிரஷ், பிளேடு, நகவெட்டி, இது மூணுல ரத்தம் படலாம், அதைத் தனியா வைங்க. நகப்பாலிஷ் வெச்ச மகராசி நகவெட்டியைப் பொதுவா விட்டிருப்பாங்க, பந்தயம் கட்டுறேன்.

உன் மாமியாரை ரொம்பத் திட்டாதே. எனக்கு டைபாய்டு வந்தப்போ ஹாஸ்டலுக்குக் கஞ்சி குடுத்து விட்டவங்க அவங்க. அன்னைக்கு என் தூக்குவாளியில எந்தப் புள்ளியும் வெக்கலை.

போன ஞாயிறு பக்கத்து வீட்டம்மாவை நம்ம வீட்டுக்குக் கூப்பிட்டேன். மரச்சீனி வேக வெச்சேன், பாக்கெட்ல உறைஞ்சு வர்றது, நம்ம ஊர் ருசி இல்லை. மீன் குழம்பு காரம் கொறைச்சு. டீயை அம்மை குடுத்து விட்ட எவர்சில்வர் டம்ளர்ல ஊத்தினேன், ஆறும் ஒண்ணு போல, ஆறுலயும் அம்மை பேர் வெட்டினது. "என்ன எழுதியிருக்கு"ன்னு கேட்டாங்க. எங்க அம்மை பேருன்னேன். சூடு கையைச் சுடுதுன்னு முந்தானையைக் குடுத்தேன், அதைச் சுத்திப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சாங்க. அடுப்படிக்காரியையும் கூப்பிட்டிருந்தேன், அவளுக்கு ஷிப்ட், வரலை. இன்னொரு நாள் ரெண்டு பேரையும் சேர்த்து உக்கார வைக்கணும், எப்படின்னுதான் யோசிக்கிறேன்.

சாப்பிட்டு முடிச்சு நான் பாத்திரத்தைக் கழுவ, அவங்க துணியை எடுத்துத் தொடைக்க வந்தாங்க. ஆறு டம்ளரும் நுரைக்குள்ள கெடக்குது. கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே நின்னுட்டு, "இதுல என்னுது எது, கேர்ல்?" அப்படின்னாங்க.

எனக்குத் தெரியலைன்னேன். நிஜமாவே தெரியலை. துணியைக் கையில வெச்சுக்கிட்டு அவங்க இன்னும் கொஞ்ச நேரம் நின்னாங்க, அப்புறம் ஒவ்வொண்ணா எடுத்துத் தொடைச்சு, ஆறையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணா அடுக்கி, அலமாரியில வெச்சாங்க.

தோசை மாவு பொங்கி வழியுது, எந்திரிக்கணும். ஆசாரிபள்ளம் போயிட்டு வந்து எழுது. நகப்பாலிஷ் அசிட்டோன் போட்டாப் போயிடும், பஞ்சுல தொட்டு ஒரு தேய்ப்பு, எவர்சில்வருக்கு ஒண்ணும் ஆகாது.

உன்,
ரெண்டாவது பெஞ்சு, ஜன்னலோரம்